விலையோடு பெயரையும் போட்டுவிட்டேன்

அன்பு மச்சான்,

வீட்டில் எல்லோரும் நலமா? தீபாவளிக்குப் பிறகு எழுதாமல் விட்டது என் தவறு. கொட்டகலையில் மூன்று நாளாக விடாத மழை. அதை விடு. ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் மனம் ஆறவில்லை.

நம் முரளி அட்டையை, கிரிக்கெட் வீரர் முரளிதரன் படம் போட்ட அந்தச் சேகரிப்பு அட்டையை, விற்றுவிட்டேன். திட்டாதே, முழுவதும் கேள். பன்னிரண்டு கோலிக்குண்டு வாங்கிக்கொண்டு நீ கொடுத்ததேதான். வலது மூலையில் உன் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கூரைத் தகரம் மாற்றக் காசு தேவைப்பட்டது. கண்டித் தரகர் ஒருவர் 6,000 ரூபா தந்தார். இதுபோன்ற அட்டை முன்பு என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். "வாங்குகிறவர்கள் அதை வெளியே சொல்ல விரும்புவதில்லை தம்பி, அவர்களுடைய அந்தரங்கம்" என்றார். நம்பினேன். அடுத்த மாதமே அது 28,000க்குக் கைமாறியது. வாங்குபவரைக் காப்பாற்றுகிறேன் என்று மூடிய வாய், தன் 22,000 ரூபாவைத்தான் காப்பாற்றியிருக்கிறது!

கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. எந்தத் தோட்டத்துத் தேயிலை நல்ல விலைக்குப் போனது என்பது தரகர்களின் அறிக்கையில் வந்துவிடுகிறது. அட்டைக்கு மட்டும் ஏன் இந்த இருட்டு?

அந்தக் கோபத்தில்தான் தவறினேன். அட்டையை வாங்கியவன் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி. பணம் கட்டிய வங்கிச் சீட்டை ஆசையாகக் காட்டினான். அதைப் படமெடுத்து, அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெயரை மறைக்கத் தோன்றவே இல்லை. மறுநாள் அவன் குடியிருக்கும் லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், முழுக்கத் தெரிந்துவிட்டது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருந்த வீடுகள், மச்சான். அங்கே ஓர் அட்டைக்கு 28,000 என்றால்? கடன் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தங்கையின் கல்யாணக் காசா என்று தாய்மாமன் கேட்டிருக்கிறார். அம்மா அவனோடு பேசுவதில்லை. ஏழு மாதம் ஓவர்டைம் செய்து சேர்த்தது அது.

அவன் சண்டைக்கு வரவில்லை. வாசலில் குடையை மடக்காமலே நின்று, "விலையைப் போட்டது சரி அண்ணன். பெயரை விரலால் மறைத்திருக்கலாமே" என்றான். அந்த விரல் என் கண்ணிலேயே நிற்கிறது.

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் பேஸ்போல் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. விலை ஊரறிந்தது; வாங்கியவர் பெயரை ஏலக்காரர்கள் வெளியிடவில்லை. ஈபே என்ற இணைய ஏலத் தளத்திலும் ஏலம் கேட்பவர் பெயரை நட்சத்திரக் குறிகளால் மறைத்துவிடுகிறார்கள். (பேரம் பேசி முடித்த விலையை அங்கும் விற்பனைப் பக்கத்தில் காட்டுவதில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை.) பெயர் தெரியாவிட்டால் விற்பவனே ஆள் வைத்து விலையை ஏற்றுவானே என்பாய். உண்மைதான். ஏலம் நடத்துகிறவருக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும், லயத்துக்கு எதற்கு?

படத்தை அழித்துவிட்டேன், ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான். இப்போது ஒரு கொப்பியில் திகதி, அட்டை, அதன் நிலை, விலை மட்டும் எழுதி வருகிறேன். நீ அரவிந்த டி சில்வா அட்டையை என்ன விலைக்குக் கொடுத்தாய் என்று எழுது. யாருக்கு என்று எழுதாதே.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போகிறேன். அவன் அம்மாவிடம் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மாமாரிடம் பேச உனக்குத்தான் வரும். சனிக்கிழமைக்குள் ஒருமுறை அழை.

அன்புடன்,
உன் கொட்டகலையான்