படிவத்தில் எழுதாதவை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சரியாகத் தேர்வுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. வந்த அன்றே படித்துவிட்டேன், பதில் எழுதத்தான் இப்போது கை ஓய்ந்தது. அக்கா கல்யாணத்தில் எல்லா வேலையும் உன் தலையில் விழுந்த கதையைப் படித்து அம்மாவும் நானும் சிரித்தோம். அதைவிடப் பெரிய செய்தி, வீடே இன்ஜினியரிங் என்று ஒரு பக்கம் நிற்க, நீ காமர்ஸ்தான் என்று நின்று ஜெயித்தது. சின்ன வயதில் நம் விளையாட்டுக்கெல்லாம் கணக்கு வைத்தவள் நீதானே. யார் எத்தனை முறை அவுட் என்று மாசக்கணக்கில் நினைவு வைத்துச் சண்டைக்கு வருவாய். அதை யாராவது உன் அப்பாவுக்கு முன்பே சொல்லியிருந்தால் வீட்டில் இவ்வளவு ரகளை நடந்திருக்காது.

எனக்கு மே மாதத் தேர்வுகள் முடிந்தன. அங்கி, தொப்பி எல்லாம் மாட்டிப் பட்டமளிப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மேடையில் ஏறியவர்களில் ஒருவருக்கும் ரிசல்ட் தெரியாது. ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற எங்கள் பாடத்திட்டத்தின் ரிசல்ட் ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். பாஸா ஃபெயிலா என்று தெரியாமலே எல்லோருக்கும் கைதட்டினார்கள். அம்மா மட்டும், "போட்டோவை இப்போதே ஃபிரேம் போட வேண்டாம்" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்தாயே, இன்டர்நேஷனல் ஸ்கூலில் இரண்டு வருஷம் இருந்து எப்படி மாறியிருக்கிறாய் என்று. சாதாரணக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதில் எனக்குத் தேவைக்கு மேல் பயிற்சி ஆகிவிட்டது. அதனாலேயே என் பதிலை நானே முழுசாக நம்புவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஐபி டிப்ளமோவில் 6 பாடங்கள். அதில் பொதுவாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்டு லெவல். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 7 புள்ளி, மொத்தம் 42. 4,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையும், 'நமக்குத் தெரியும் என்பது எப்படித் தெரியும்' என்று குடையும் டிஓகே வகுப்பும் சேர்ந்து இன்னொரு 3 வரை தரும். ஆக 45. டிப்ளமோ கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. இதுவரை உனக்குப் புரிகிற கணக்கு. இதற்கு வெளியே சிஏஎஸ் என்று ஒன்று இருக்கிறது: படைப்பாற்றல், உடல் இயக்கம், சேவை. ஏறக்குறைய 18 மாதம் செய்ய வேண்டும். அதற்கு மார்க் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோவும் கிடையாது. செய்தால் மட்டும் போதாது; அதிலிருந்து என்ன கற்றாய், எப்படி வளர்ந்தாய் என்று 'ரிஃப்ளெக்‌ஷன்' எழுதிப் போர்ட்ஃபோலியோவில் ஏற்ற வேண்டும்.

எழுதினோம். எழுதி எழுதி அதற்கு ஒரு வடிவமே கைக்கு வந்துவிட்டது. முதல் பத்தியில் தயக்கம், இரண்டாவதில் சிக்கல், மூன்றாவதில் தெளிவு. பூங்காவைச் சுத்தம் செய்தாலும் சரி, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் சரி, முடிவில் நமக்குத் தலைமைப் பண்பு வந்திருக்கும். கால்பந்து அணியில் இருந்த ஒரு பையன் போட்டிக்கு முந்தின இரவே ரிஃப்ளெக்‌ஷனை எழுதி வைத்துவிட்டுத்தான் விளையாடப் போனான். ஜெயிப்போம் என்று எழுதியிருந்தான். தோற்றுவிட்டு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினான், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது! நாங்கள் எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் காலேஜ் அப்ளிகேஷன் காலம் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவாக அனுப்பும் கட்டுரைக்கு 650 சொல்தான் எல்லை. அந்த 650 சொல்லில் ஒரு மனுஷி எப்படி உருவானாள் என்று காட்ட வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி அவளுடைய பாட்டி இறந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இதில் நீ கற்றுக்கொண்டது என்ன என்பது இன்னும் தெளிவாக வர வேண்டும் என்றார். அவள் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அனுப்பியது ரோபோட்டிக்ஸ் கிளப்பைப் பற்றிய வேறு கட்டுரை. இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த பெரிய பக்குவம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுடைய போர்ட்ஃபோலியோவில் அதற்கு இடமே இல்லை.

இப்படிச் சொல்வதால் எல்லாமே சடங்கு என்று நினைத்துவிடாதே. என் ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொள். வரலாற்றில் எழுதினேன், இந்த மாதிரிப் பள்ளிகள் எப்படித் தோன்றின என்று. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெனீவாவில் லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற நாடுகளின் கூட்டமைப்பு அமைந்தது. அங்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கியது. 1962இல், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, வேல்ஸில் ஒரு பழைய கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி வந்தது. குர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் கனவு அது: வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக வாழ்ந்து படித்தால் பகை குறையும் என்று. 1968இல் ஐபி அமைப்பு உருவானது. இவை எல்லாமே உலக சமாதானத்துக்காகப் பிறந்தவை என்று அழகாக ஒரு முன்னுரை எழுதி வைத்திருந்தேன்.

தோண்டிப் படித்தபோது வேறு ஒரு காரணமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஜெனீவாவில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை சுவிஸ், பிரெஞ்சு, பிரிட்டிஷ், அமெரிக்கத் தேர்வுகளுக்குத் தனித்தனியாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாட்டுப் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு சான்றிதழ் கேட்டது. எங்கே போனாலும் செல்லுபடியாகிற ஒரே தேர்வு வேண்டும் என்பது பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அன்றாடத் தலைவலி. சமாதானமும் இருந்தது, அட்மிஷன் கவலையும் இருந்தது. அம்மாவுக்கு வேலை மாற்றல் வந்ததால் மட்டும் இங்கே சேர்ந்த எனக்கு, இதைப் படித்ததும் ஏனோ நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரையோடும், நம் சிந்தனை எப்படி நகர்ந்தது என்று 500 சொல்லில் தனியாக எழுத வேண்டும், அதற்கும் மார்க் உண்டு. அந்த ஒரு படிவத்தை மட்டும் யாரும் தள்ளாமலே எழுதினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எந்தப் படிவத்திலும் ஏறாத விஷயங்களைச் சொல்கிறேன்.

இங்கே பழைய மாணவர்கள் புதிதாக வருபவர்களிடம் பெயர் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "எத்தனை வருஷம் இருப்பாய்?" எனக்கும் அதுதான் வரவேற்பு. என்ன மரியாதை கெட்ட கூட்டம் என்று நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாற்றல் வந்தால் வருஷ நடுவில்கூடப் பெஞ்ச் காலியாகிவிடும். சிறு வயதிலிருந்து இப்படியே போய்க்கொண்டிருந்தால், யாரோடு எவ்வளவு ஒட்டலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடத்தான் தோன்றும். பதினொன்றாம் வகுப்பில் எனக்கு நெருக்கமாக இருந்தவள் அப்படித்தான் போனாள். அதற்குப் பிறகு நானும் புதிதாக வந்த ஒருத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நாள் கழித்துக் கேட்பதை விட்டுவிட்டேன். போகிறவள் எப்படியும் போகத்தான் போகிறாள், தேதியைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? வளர்ச்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று. ஒரு வகுப்பில் கொரியாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆசிரியர் இயல்பாக ஒரு பெண் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டில் எப்படி?" என்றார். அவள் கூச்சமே இல்லாமல், "எனக்குத் தெரியாது, பிறந்து கொஞ்ச நாள்தான் அங்கே இருந்தோம்" என்றாள். என்னிடமும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நான் ஒரு தேசத்தின் தூதர் போல நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன். அன்றைக்குப் பிறகு, "எங்கள் வீட்டில் இப்படி, மற்ற வீடுகளைப் பற்றித் தெரியாது" என்று சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு சுமை குறைந்தது தெரியுமா! அவளைப் போன்றவர்களுக்கு மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்று 1950களிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர், இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது உருவான பெயர். நான் அந்தக் கணக்கில் வர மாட்டேன். பதினாறு வயது வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், எனக்கு ஊர் எது என்பதில் குழப்பம் இல்லை. இங்கே பலருக்கு அந்தக் கேள்விக்கே நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலர் சலித்துப்போய்ப் பொய் சொல்கிறார்கள்.

பேசக் கற்றுக்கொண்டேன் என்று படிவத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். நானா பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்? உனக்குத் தெரியும். இங்கே புதிதாகப் பார்த்தது, பதினொரு மணி வகுப்பில் ஒருவர் கருத்தை ஒருவர் கிழித்துப் போட்டுவிட்டு, மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை. முதலில் நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீயும் நானும் ஒரு வாதத்துக்காக ஒரு விடுமுறை முழுக்கப் பேசாமல் இருந்தவர்கள் இல்லையா? எதற்காக என்று உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். இப்போது என் கருத்தை ஒருவர் உடைத்தால் முகம் சூடாகிறது, அது போகவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பள்ளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை நாட்டுப் பிள்ளைகள் என்று நுழைவாயிலிலேயே கொடிகள் தொங்கும். உண்மைதான், பாஸ்போர்ட் எல்லாம் வேறு வேறு. ஆனால் நண்பர்கள் வீட்டுக்குப் போனால் எல்லா வீடும் ஒரே மாதிரி, பெற்றோர் பேசும் பேச்சும் ஒரே மாதிரி. கட்டணம் கட்ட முடிந்தவர்கள், அல்லது நிறுவனம் கட்டுகிறவர்கள். நம் பழைய வகுப்பில் ஒரே நாடு, ஒரே மொழி. ஆனால் டாக்டர் மகளும் தையல்காரர் மகளும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எது பன்மை? இதை டிஓகே வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஆரம்பித்த வாக்குவாதம் மணி அடித்தும் முடியவில்லை. உதவித்தொகையில் படிக்கும் ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், அன்று நிறையப் பேசினான். அவனுக்கு இது இரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். எனக்குத்தான் பழைய பள்ளி ஞாபகம் வந்தபிறகு தெரிந்தது.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் பழகும் திறமை வந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிஷத்தில் சிரிக்க வைக்க முடியும். அது நல்லதா என்று தெரியவில்லை. நம் இருவருக்கும் பழகவே ஒரு வருஷம் ஆனது, நீ அப்போது யாரிடமும் பென்சில்கூடக் கொடுக்க மாட்டாய். இங்கே கிடைத்த சிநேகிதங்களில் எத்தனை நிற்கும் என்று அடுத்த வருஷம் கேள், சொல்கிறேன்.

மேற்படிப்பு வரலாறுதான். ஒரு பல்கலைக்கழகம் 34 புள்ளி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று நிபந்தனையோடு இடம் கொடுத்திருக்கிறது. ஆசிரியர்கள் முன்கூட்டிக் கணித்துக் கொடுத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் அந்த அழைப்பே வந்தது. அவர்கள் கணிப்பில் தாராளமாக இருந்தார்களா என்பது ஜூலையில் தெரியும். வரலாறு படித்து என்ன வேலை என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன் அப்பாவை நீ எப்படிச் சமாளித்தாய் என்று விவரமாக எழுது, வார்த்தைக்கு வார்த்தை வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்று முதலில் உனக்குத்தான் ஃபோன் செய்வேன். சாயங்காலம் வரை ஃபோன் வரவில்லை என்றால் நீயாகக் கூப்பிடாதே, மறுநாள் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி