ஸ்கூபா மரணங்களை விசாரித்து, அறிக்கையைப் பொதுவில் வையுங்கள்: சுற்றுலாச் செயலருக்கு தில்லித் தமிழர்கள் மனு

அனுப்புநர்:
தில்லியில் வசிக்கும் தமிழ் பேசும் ஸ்கூபா டைவர்கள் 14 பேர்,
மயூர் விஹார், ஆர்.கே. புரம், ஜனக்புரி.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
சுற்றுலா அமைச்சகம், இந்திய அரசு,
புது தில்லி.

பொருள்: பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்கில் (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவதில்) நேரும் மரணங்களைத் தனியே விசாரித்து அறிக்கை வெளியிடும் அமைப்பை ஏற்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் அரசுக்கு முறையிடலாம் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. இந்தி மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறோம். ஆனாலும் மனுவைத் தமிழில்தான் எழுத வேண்டியிருந்தது. கடலில் இறந்துபோன எங்கள் நண்பரின் மனைவி இதை வரிவரியாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார்.

நண்பருக்கு 46 வயது. ஆர்.கே. புரத்தில், இதை எழுதும் எனக்குப் பக்கத்துக் குடியிருப்பு. நீச்சல் தெரியாது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒரு கடலோர ஊருக்குப் போனபோது, ‘நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருபது நிமிடம், வீடியோ இலவசம்’ என்ற பலகையைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். படகில் ஏறிய பிறகுதான் ஆங்கிலத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இதய நோய் உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார். தண்ணீருக்குள் மூன்று பேருக்கு ஒரே கைடு. கேமராவும் அவர் கையில்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும், நண்பர் தனியாக மேலே வந்தார். ஒரு கையை உயர்த்தினார். படகுக்கு இழுத்து ஏற்றும்போது நினைவில்லை. படகில் ஆக்சிஜன் இல்லை. கரை சேர நாற்பது நிமிடம் ஆனது.

போலீஸார் வந்தார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ‘நீரில் மூழ்கியதால் மரணம்’ என்று ஒரு வரி. அதோடு கோப்பு முடிந்தது. அவர் அணிந்திருந்த சிலிண்டரையும், அதிலிருந்து மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரையும் யாரும் கைப்பற்றவில்லை. அன்று மாலையே அவற்றைக் கழுவிக் காயப்போட்டிருந்ததை அவருடைய மைத்துனர் பார்த்திருக்கிறார். "சிலிண்டர்ல காத்து இருந்துச்சா, இல்லையா? அதையாவது சொல்லுங்க" என்று நண்பரின் மனைவி, எங்கள் அண்ணி, இன்றுவரை எங்களைக் கேட்கிறார். டைவர்களாகிய நாங்கள் 14 பேர் இருந்தும் எங்களிடம் பதில் இல்லை. பதில் சொல்லியிருக்கக்கூடிய சாட்சியங்கள் அந்தக் கழுவலோடு போய்விட்டன.

அந்த நிறுவனத்தின் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. ஒரு நிறுவனத்தைத் தண்டிக்கக் கேட்கும் மனு இல்லை இது. அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. என்ன நடந்தது என்று கண்டுபிடித்து, அடுத்தவர் சாகாமல் இருக்க அதை எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

ஸ்கூபாவில் ‘மூழ்கி மரணம்’ என்பது பெரும்பாலும் கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் வேறொன்று நடந்திருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். அதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், ஒரு நீச்சல் குளத்தின் ஆழம் போதும். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவது மனிதனுக்கு இயல்பாக வருவது. அதனால்தான் முதல் வகுப்பிலேயே "மூச்சை அடக்காதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். நண்பருக்கு நடந்தது அதுவா, மாரடைப்பா, சிலிண்டரில் காற்று தீர்ந்ததா, ரெகுலேட்டர் பழுதா? நான்கும் வேறு வேறு. தடுக்கும் வழியும் வேறு வேறு. ‘மூழ்கி மரணம்’ என்ற ஒற்றை வரி நான்கையும் மூடிவிடுகிறது.

இந்த விளையாட்டில் இன்று நாங்கள் பின்பற்றும் விதிகள் பலவும், இறந்தவர்களின் கதையைச் சக டைவர்கள் உட்கார்ந்து அலசியதால் கிடைத்தவை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நீருக்கடியிலுள்ள குகைகளில் எத்தனையோ பேர் இறந்துகொண்டிருந்த காலத்தில், ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். வெளியே வரும் வழிவரை தொடர்ச்சியாகக் கயிறு போடவில்லை, திரும்பி வர மூன்றில் இரண்டு பங்கு காற்றை மிச்சம் வைக்கவில்லை, அளவுக்கு மீறி ஆழம் போனார்கள் என்று திரும்பத் திரும்ப வந்த காரணங்களை 1979-இல் வெளியிட்டார். உலகம் முழுவதும் குகை டைவிங் பயிற்சி இன்றைக்கும் அதன்மீதுதான் நிற்கிறது. 1994-இல் மெக்சிகோவில் அவரே இறந்தபோது, அவருடைய கருவிகளையும் எடுத்து நண்பர்கள் அதே முறையில் ஆராய்ந்தார்கள்.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு குயின்ஸ்லாந்து மாநிலம் படகில் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கியது. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவில் விழித்துச் சுற்றிவர ஆளில்லாததை விசாரணை அறிக்கை பொதுவில் எழுதியது. கேப்டன் தண்டனை பெற்றது தனி வழக்கு.

1980-இல் தொடங்கிய, டைவர் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும், பிரிட்டனின் டைவர் சங்கமான சப்-அக்வா கிளப்பும் பல ஆண்டுகளாக விபத்து அறிக்கைகளைத் தொகுத்து வெளியிடுகின்றன. முன்னதன் ஆய்வாளர்கள் 2008-இல் 947 மரணங்களை அலசியதில், தூண்டிய காரணம் தெரிந்தவற்றில் 41 சதவீதம் காற்று தீர்ந்ததிலிருந்து தொடங்கின. சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மிச்சம் இருக்கும்போதே மேலே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கத்துவதன் பொருள் இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் நாட்டுக் கடலில் நடந்த மரணங்களை வைத்து இப்படி ஒரு வரிகூட எங்களுக்குப் படிக்கக் கிடைக்கவில்லை. ஹேவ்லாக்கில், நேத்ரானியில், மால்வணில், கோவாவின் கிராண்டே தீவில், புதுச்சேரியில் டைவ் செய்கிற எங்களுக்கு விபத்துச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. இரண்டு நாள் வதந்தி ஓடும், அப்புறம் எல்லோரும் மறந்துவிடுவோம்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் தங்கள் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் ஊர்களில் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டான். இன்று கட்டணம் கட்டி இறங்குபவருக்கு அந்த மச்சானின் இடத்தில் இருப்பவர் மணிக்கு மணி படகு மாறும் ஒரு கைடு. அவர் கையில் கேமராவைத் திணித்து, மூன்று பேரையும் ஒப்படைப்பதை அரசுதான் நிறுத்த முடியும்.

உங்கள் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் ஸ்கூபாவும் இருக்கிறது. நல்ல ஆவணம்தான். ஆனால் அது வழிகாட்டு நெறி. மீறியவரை அதை வைத்துத் தடுக்க முடியவில்லை. விமான விபத்து என்றால், யாரையும் குற்றம்சாட்டாமல் காரணத்தை மட்டும் தேட விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2012 முதல் இருக்கிறது. அதே நோக்கில், அளவில் சிறிய ஒரு குழு போதும். கோவாவில் உங்கள் அமைச்சகத்தின் கீழேயே தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இயங்குகிறது. குழுவை அங்கே வைக்கலாம். கடற்படையின் டைவிங் மருத்துவர் ஒருவரும், தொழிலில் பங்கில்லாத பயிற்சியாளர் ஒருவரும் அதில் வேண்டும். ஒவ்வொரு மரணமும், மயிரிழையில் தப்பிய சம்பவமும் அங்கே பதிவாக வேண்டும். தப்பிய சம்பவத்தைச் சொல்லும் கைடின் பெயர் வெளிவரக் கூடாது. வெளிவந்தால் வேலை போகும், பிறகு யாரும் சொல்லமாட்டார்கள். பெயர் நீக்கிய அறிக்கையை ஆண்டுதோறும் இந்திய மொழிகளில் வெளியிடுங்கள்.

அதைவிட அவசரமானது, செலவே இல்லாதது ஒன்று உண்டு. கடலோரக் காவல் நிலையங்களுக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை. டைவிங்கில் ஒருவர் இறந்தால், சிலிண்டர் வால்வு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது, மீட்டரில் எத்தனை பார் என்று குறித்துக்கொண்டு, உபகரணம் முழுவதையும் கழுவாமல் சீல் வைக்க வேண்டும். சிலிண்டரில் மிஞ்சிய காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கையில் ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டர் இருந்தால் பதிவை எடுக்க வேண்டும், கைடின் கேமராவையும் சேர்த்து. எங்கள் நண்பரின் வீடியோ யாரிடமோ இருக்கிறது.

சுற்றுலா என்பது மாநிலங்களின் பொறுப்பு என்று பதில் வரலாம் என்பதை அறிவோம். சரி, அந்தமானும் லட்சத்தீவும் மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில்தானே உள்ளன? முதலில் அங்கே தொடங்குங்கள். படகில் ஆக்சிஜன், இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுதல், முந்தின நாளே பயணியின் மொழியில் மருத்துவப் படிவம், நீச்சல் தெரியாதவருக்கு அவருக்கென்று ஒரு கைடு ஆகியவற்றை உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள்.

தில்லிக்காரர்கள் சார்பில் இன்னொன்று. எங்களுக்குக் கிடைப்பது நான்கு நாள் லீவு. காலையில் டைவ் செய்துவிட்டு மதியமே ஸ்ரீ விஜயபுரத்தில் (அந்தமானின் பழைய போர்ட் பிளேர்) விமானம் ஏறுபவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது பறக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகும். மூட்டுவலியும் மரத்துப்போதலும் தில்லியில் இறங்கிய பிறகு வந்தால், டைவ் செய்தீர்களா என்று கேட்கிற மருத்துவர் குறைவு. அந்த விமான நிலையத்தில் இதை ஓர் அறிவிப்பாக வைக்கலாம்.

தாங்கள் அரை மணி நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். காவல் நிலையத்துக்கான அந்த ஒரு பக்கச் சுற்றறிக்கையின் மாதிரியை எழுதி இணைத்திருக்கிறோம். நண்பரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலோடு அண்ணியும் உடன் வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(14 பேரின் கையொப்பங்களும், காலமான நண்பரின் மனைவியின் கையொப்பமும் இணைப்பில்)