அம்மாவின் கைகளுக்காக ஒரு நன்றி மடல்

அம்மா தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். கடந்த மாதங்களில் அம்மாவின் நோயால் எங்கள் வீடு பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள் என்பதால், அதை இங்கே மீண்டும் எழுதவில்லை. நள்ளிரவில் முச்சக்கரவண்டியை எடுத்து வந்த தம்பிமாருக்கும், எங்கள் சின்னவனுக்கு வேளை தவறாமல் சோறு போட்ட பக்கத்து லயத்து அத்தைமாருக்கும், கேட்காமலே பணம் சேர்த்துத் தந்த கோயில் கமிட்டியாருக்கும், விடுப்புத் தந்த எங்கள் பாடசாலை அதிபருக்கும் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் நன்றி கூறுகிறேன்.

இவர்களோடு, தமிழை முழுமையாக அறியாத ஒரு சிங்களச் சகோதரிக்கும் நான் நன்றி சொல்லியாக வேண்டும். கண்டியில் அம்மாவைப் பார்த்த, நோயாளர் அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளர் அவர். நாங்கள் மிஸ் என்றே அழைத்தோம்.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், அது மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய் என்று தெரிந்த பிறகும், அம்மா தாமாக நடந்து வருவதைக் கண்டவர்கள் பாதிப்பு இலேசானது என்றே சொன்னார்கள். இந்நோயால் வரும் இயலாமையை எண்ணால் குறிக்க உலகெங்கும் கையாளப்படும் ஈடிஎஸ்எஸ் அளவுகோலும் மேல்நிலைகளில் பெரும்பாலும் நடையை வைத்தே எண் தருகிறது. கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவருக்குக் கையல்லவா பெரிது! விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பறித்த கொழுந்தின் எடை நிறுவையில் குறைந்தபோது அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு.

மிஸ் ஒன்பது துளைகள் கொண்ட ஒரு பலகையை மேசைமேல் வைத்தார். ஒன்பது சிறு குச்சிகளை ஒவ்வொன்றாகத் துளைகளில் நட்டு, மீண்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். பழகிய கையால் இரு முறை, மற்றக் கையால் இரு முறை. நோயற்ற ஒருவர் ஏறத்தாழ 20 செக்கன்களில் முடிப்பதற்கு அம்மாவின் வலக்கை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், இடக்கை இரு மடங்குக்கு மேலாகவும் எடுத்தன. அளந்து முடித்ததும் அடுத்தவரை அழைத்திருக்கலாம். அவரோ, "அம்மா ரெண்டு கையாலயும் தானே கொழுந்து எடுக்கிறது?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார், சட்டைப் பொத்தான் போடுவது, ரொட்டிக்கு மாப் பிசைவது, தலை வாருவது என ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு ஒரு தாளில், எழுத்துக்கூட்டித் தம் கையாலேயே, "வலது", "இடது" என்று தமிழில் எழுதி, செக்கன்களையும் திகதியையும் குறித்து அம்மாவிடம் கொடுத்தார். அடுத்த முறை இந்த நேரம் 20 வீதமளவு கூடினால் அதை உண்மையான மாற்றமாகக் கருத வேண்டும், உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள் என்றும் விளக்கினார்.

அம்மா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து தரும் நிம்மதி வேறு, தாம் சொன்னது பொய்யில்லை என்று எண்ணாக எழுதித் தரப்பட்ட நிம்மதி வேறு என்பதை அன்றுதான் அவர் முகத்தில் கண்டேன். தோட்டத்தில் அவருக்கு மலையேறாத இலகு வேலை கேட்கச் சென்றபோதும் அந்தத் தாளே எங்களுக்காகப் பேசியது.

மிஸ், உங்களுக்கு எங்கள் நன்றி. நீங்கள் சொன்ன தவணை ஒன்றையும் தவறவிடாமல் அம்மாவை அழைத்து வருவேன். ஒவ்வொரு முறையும் இரு கைகளின் நேரத்தையும் அதே தாளில் கீழே குறித்து வைப்பேன். இந்நோயுள்ள வேறு எவரேனும் நம் தோட்டங்களில் இருந்தால், நடையோடு கையையும் அளந்து பார்க்கும்படி கேளுங்கள். துணைக்கு வர ஆளில்லாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன்.