மாரிக்கு முன் உங்கள் கயிற்றைக் கொண்டு வாருங்கள்

அன்புள்ள சம்மாட்டிமாருக்கும் கடற்றொழிலாளருக்கும்,

2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்துபோன பிறகு, ஒருவர் அறுந்த நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் போட்டார். 24 மில்லிமீற்றர் நைலோன், புதுசு. விரித்துப் பார்த்தோம். முழுக் கயிறும் நல்லாகத்தான் இருந்தது. அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், விளிம்பில் உரசிய ஒரு சாண் மட்டும் இழைகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கெட்டியாகிக் கிடந்தது.

அன்றிலிருந்து கயிற்றின் தடிப்பைக் கேட்டு வருகிறவர்களிடம் உரசலைப் பற்றியும் சொல்லி வருகிறோம். நைலோன் இழுபடும், அலையின் அடியைத் தாங்குவது அந்தக் குணம்தான். ஆனால் ஒவ்வொரு இழுவைக்கும் விளிம்பில் அராவுப்படும், உள்ளேயும் சூடேறும். பலர் றப்பர் குழாயைப் போட்டு மூடுகிறார்கள். அது உரசலைத் தடுக்கும், சரி. ஆனால் தண்ணீரை உள்ளே விடாமல் சூட்டை அடைத்து வைக்கும். தடித்த கன்வஸைச் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். மழையில் அது ஊற ஊறக் கயிறு குளிரும். கடையில் வெட்டுத் துண்டுகள் இருக்கின்றன, காசு வேண்டாம்.

நீல பொலிப்புறொப்பிலீன் கயிறு மலிவுதான். ஆனால் நைலோன் அளவுக்கு இழுபடாது, வெயிலில் கிடந்தால் இழை உதிரும். புயலுக்குக் கட்டவென்று கேட்டால் அதைத் தரமாட்டோம், கோபிக்க வேண்டாம்.

காற்று திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புயல் எங்களுக்குத் தெற்கே கடந்தால் வாடையில் (வடக்குக் காற்று) தொடங்கிக் கொண்டலுக்கு (கிழக்குக் காற்று) திரும்பும். வடக்கே கடந்தால் கச்சானுக்கு (மேற்குக் காற்று) திரும்பும். ஆகவே ஒரு பக்கக் கயிற்றை நம்பி விடாதீர்கள். துறைமுகச் சுவரோடு கட்டும்போது கடல் ஏறுவதற்கு இடம் வையுங்கள். இறுக்கிக் கட்டிய கயிறு படகைக் கீழே இழுத்துப் பிடிக்கும், அல்லது அதைக் கட்டிய கட்டையைப் பிடுங்கும். நங்கூரத்தில் நிற்பவர்கள், இடம் இருந்தால், ஆழத்தைப் போலப் பத்து மடங்கு கயிறு விடுங்கள். அணியத்தின் உயரத்தையும் ஏறப்போகும் தண்ணீரையும் ஆழத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வலை, கூரைத் தகரம், கொடிக்கம்பு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுதல் நான்கு மடங்காகும்.

சின்ன ஃபைபர் படகுகளைக் கட்டிவைக்கவே வேண்டாம். எஞ்சினைக் கழற்றி, கரையில் மேடான இடத்துக்கு இழுத்துவிடுங்கள்.

கடையில் கயிற்றைச் சோதித்து, நுனியை மடித்துப் பின்னித் தருவோம். எச்சரிக்கை வந்த பிறகு வந்தால் கை போதாது, இப்போதே வாருங்கள். புயலன்று காவலுக்கென்று ஒருவரும் படகில் தங்க வேண்டாம்.

அன்புடன்,
குருநகர் கயிற்றுக் கடையார், யாழ்ப்பாணம்