வலியோடு பிள்ளை வளர்ப்பவர்கள்

ஆசிரியருக்கு,

நாள்பட்ட வலி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. சரி, அந்த வலியோடு பிள்ளை வளர்ப்பவர்களின் நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்களின் இறுக்கம் தளரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதும் அப்போதுதான். முடிந்ததை எல்லாம் முதல் நாள் மாலையே செய்துவைக்கிறேன். அப்புறம் அவளோடு விளையாடத் தெம்பு இருப்பதில்லை. அதுதான் பெரிய இழப்பு.

வலி எவ்வளவு என்று கேட்கும் மருத்துவர்கள், வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா, எந்த நேரம் கடினம் என்றும் கேட்டு, மருந்தையும் ஓய்வையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.