பெயர் மாற்றும் நிரலால் பக்கங்கள் அழிந்தது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: எண்ணிட்ட ஸ்கேன் கோப்புகளின் பெயரை மாற்றத் தாங்கள் எழுதித் தந்த நிரலின் குறைகளும், அதைச் சுருக்கித் திருத்தித் தரக் கோருதலும்.

ஐயா,

எங்கள் நூலகத்திலுள்ள பழைய மாத இதழ் ஒன்றின் நான்கு ஆண்டுத் தொகுதிகளை ஸ்கேன் செய்து, மாதத்துக்கு ஒன்றாக 48 கோப்புறைகளில் வைத்திருக்கிறோம். ஸ்கேனர் ஒவ்வொரு கோப்புறையிலும் 1, 2, 3 என்று முதலிலிருந்தே எண்ணிடுவதால், ஆண்டு முழுவதும் தொடர்ந்து வரும் நான்கு இலக்க எண்களாகப் பெயர்களை மாற்றும், பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றைத் தங்களிடம் கேட்டு, முழுத் தொகையையும் முன்னதாகவே செலுத்தினோம்.

வந்து சேர்ந்த நிரல் 1,100 வரிகளைத் தாண்டியது. பிரித்துப் பார்த்தால், ஏறத்தாழ 22 வரிகள் கொண்ட ஒரே பகுதி, கோப்புறையின் பெயரும் தொடக்க எண்ணும் மட்டும் மாறி, 48 முறை ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் 64 பக்கங்கள்தான் என்று நிரலில் கையால் எழுதியிருப்பதால், 112 பக்கங்கள் கொண்ட தீபாவளி மலரில் 65ஆம் பக்கம் முதல் 48 பக்கங்கள் பழைய பெயரிலேயே நின்றுவிட்டன. அதற்கு அடுத்த மாதங்களின் எண்களும் அதனால் பிசகின. தீபாவளி மலர் தடிமனாக இருக்கும் என்பது தமிழ் இதழ் படித்த எவருக்கும் தெரியும். அது தெரியாவிட்டாலும், கோப்புறையில் எத்தனை கோப்புகள் உள்ளன என்பதை நிரலே எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது ஒன்று நடந்தது. மூன்று இதழ்களுக்கு அட்டையைப் பின்னர் ஸ்கேன் செய்ததால், அதற்கு இடம்விட எல்லா எண்களையும் ஒன்று கூட்டுமாறு கேட்டிருந்தோம். தங்கள் நிரல் சிறிய எண்ணிலிருந்து தொடங்கி 1ஐ 2 ஆகவும், பின்பு அந்த 2ஐ 3 ஆகவும் மாற்றிக்கொண்டே போனது. லினக்ஸ் இயங்குதளத்தில் பைத்தானின் ரீநேம் (பெயர் மாற்றும்) கட்டளை, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் எச்சரிக்காமல் அதன்மேல் எழுதிவிடும். முடிவில் 64 கோப்புகள் இருந்த கோப்புறையில் மிஞ்சியது ஒரே ஒரு கோப்பு: பெயர் 65, உள்ளே இருப்பதோ முதல் பக்கம்.

தங்கள் கணினியில் எந்தக் கோப்பும் அழியவில்லை என்று பதில் எழுதியிருந்தீர்கள். அது விண்டோஸ் கணினி. அங்கே இதே கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையைக் கண்டும் அனுப்பினீர்களா, அல்லது அந்தப் பகுதியை ஓட்டிப் பார்க்கவே இல்லையா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். நாங்கள் லினக்ஸ் பயன்படுத்துவதை முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தோம். இரண்டு கோப்புறைகளை பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டோம். மூன்றாவதற்கு பேக்கப் எடுத்திருக்கவில்லை. அது எங்கள் தவறு, மறுக்கவில்லை. ஆனால் தொட்டால் உதிரும் அந்தத் தாள்களை மறுபடியும் ஸ்கேனரில் விரிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தன்னார்வலர் ஒருவர் இதே வேலையை முப்பது வரிகளுக்குள் எழுதிக் காட்டினார். கோப்புறைகளை ஒரே சுழற்சியில் வரிசையாக எடுத்து, கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்காமல் (அப்படி அடுக்கினால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்) எண் வரிசையில் அடுக்கி, புதிய பெயர்கள் அனைத்தையும் முதலிலேயே கணக்கிட்டு, ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று சரிபார்த்த பிறகே கோப்புகளைத் தொடுகிறது. மாற்றும்போதும் எல்லாவற்றுக்கும் முதலில் தற்காலிகப் பெயர் இட்டு, பின்புதான் இறுதிப் பெயரை இடுகிறது. இதற்கென்று தனித் திறமை எதுவும் தேவைப்படவில்லை என்று அவரே சொன்னதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது.

ஐந்தாம் ஆண்டுத் தொகுதியையும் சேர்க்கக் கேட்டபோது, 12 கோப்புறைகளுக்கும் தனித்தனியே கட்டணம் கேட்டீர்கள். முறையாக எழுதிய நிரலில் அது ஒரு வரியைக்கூட மாற்றாமல் முடியும் வேலை.

ஆகவே, 15 நாட்களுக்குள் நிரலைச் சுருக்கித் திருத்தி, மாற்றத்துக்கு முன் பழைய, புதிய பெயர்களைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதியோடும், மாற்றியதைத் திரும்பப் பெறும் பதிவேட்டோடும் கட்டணமின்றித் தர வேண்டும். இல்லையெனில் செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டும். எதுவாயினும், மறு ஸ்கேன் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். அழிந்த கோப்புறையின் நிலையைக் காட்டும் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) தங்கள் நிரலின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
நூலக ஸ்கேன் பிரிவு