தீவுப் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிற பலர் நயினாதீவு, நெடுந்தீவுப் பயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன ஞாயிறு அம்மாவோடு நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வந்த கையோடு எழுதுகிறேன்.

இந்தத் தீவுகளுக்குப் படகு புறப்படுகிற குறிகாட்டுவான் துறையில் ஆட்கள் நிரம்பி வழிகிற படகில் தயவுசெய்து ஏறாதீர்கள். நாங்கள் முதலில் ஏறிய படகில் உயிர்காப்பு அங்கிகள் கூரையோடு கட்டியபடியே கிடந்தன. முடிச்சு உப்பேறி இறுகிப்போய், என் விரலால் அவிழ்க்கவே முடியவில்லை. அம்மாவைக் கையில் பிடித்து இறக்கிவிட்டேன். அடுத்த படகில் அங்கி கைக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தோம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

நயினாதீவு கிட்டத்தான். நெடுந்தீவு அப்படியில்லை, ஒரு மணித்தியாலம் அளவில் திறந்த கடல். சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற நாட்களில் சின்னப் பிள்ளைகளோடு அங்கே போகவே வேண்டாம்.

அப்புறம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் "எல்லாத் தீவும் காட்டுகிறேன்" என்று கூப்பிடுகிற வான், ஓட்டோக்காரரிடம் முழுத் தொகையையும் பேசி முடிக்காமல் ஏறாதீர்கள். குறிகாட்டுவானுக்கு 776 பஸ் ஓடுகிறது, அதுவே போதும்.

நெடுந்தீவில் இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டு வையுங்கள். தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான்.